மேலத்தெருவின் நாற்பது நிமிடம்

இலந்தைப்பத்தில் இருநூற்றுப் பதினோரு வீட்டுக் குழாய்கள். நான்கு தெருக்கள், நான்கு வால்வுகள், ஒரு மேல்நிலைத் தொட்டி. ஒரு நாள் விட்டு ஒரு நாள், தெருவுக்கு நாற்பது நிமிடம் தண்ணீர். இத்தனையையும் திறந்து மூட ஒரே ஆள்: இசக்கித்தாய், வயது நாற்பத்தொன்று, பத்தாம் வகுப்பு வரை படித்தவர்.

நாங்குநேரியிலிருந்து கிழக்கே உள்ளடங்கிய இந்த ஊருக்கு அவர் மருமகளாக வந்தவர். பிறந்தது கல்லிடைக்குறிச்சிப் பக்கம், நாற்று நடும் குடும்பத்தில். கணவர் தளவாய்தான் முதலில் டேங்க் ஆபரேட்டராக இருந்தார். ஏழு வருடத்துக்கு முன்பு அவருக்குக் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. டேங்க் வேலை இசக்கித்தாய் கைக்கு வந்தது. வால்வைத் திருப்பும் இரும்புச் சாவி மூன்றடி நீளம், நல்ல கனம். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு இசக்கித்தாய் முதல் நாள் தெருவில் நடந்தபோது சிரித்தவர்கள் உண்டு. ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றது. தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தது. அது போதுமாக இருந்தது.

மோட்டார் அறைக்குள் அந்தப் போர்டு வந்தது போன வருடம். பொறியியல் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் தங்கள் படிப்புக்காகச் செய்த வேலை அது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளமான ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வால்வுக்கு ஒரு சுவிட்ச் வைத்து, தொட்டிக்குள் ஒரு மிதவை விட்டு, எல்லா வயரையும் கொண்டுவந்து அதில் சேர்த்தார்கள். எந்த வால்வு எப்போது திறந்தது, எப்போது மூடியது, தொட்டியில் எவ்வளவு இறங்கியது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனாலும் நேரம் மறந்துவிடாமல் இருக்க அதனுள் ஒரு பொத்தான் பேட்டரி. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், அடியில் வயர் போக இரண்டு சின்ன வாய்களோடு, சுவரில் ஏறிக்கொண்டது.

மாணவர்களில் நித்யா என்ற பெண்தான் இசக்கித்தாயிடம் அதைக் காட்டினாள்.

"ஏம்மா, இதுக்கு டிவி எங்க? எங்கன பாத்துப் படிக்கணும்?" என்று இசக்கித்தாய் கேட்டார்.

"டிவியெல்லாம் கிடையாதுக்கா. தொட்டிக்கு அடியில இருக்கதால இங்க சிக்னலும் எடுக்காது. இந்த யுஎஸ்பி வயர் ஒண்ணுதான் வழி. ஒரு முனைய இதுல செருகுங்க, இன்னொரு முனைய லேப்டாப்புல செருகுங்க. லேப்டாப் இத ஒரு நெட்வொர்க்குன்னு நெனச்சுக்கும்."

"நெட்வொர்க்குன்னா ஊரு பூரா இருக்குமே?"

"இது ரெண்டே வீடு உள்ள தெருக்கா. லேப்டாப் ஒரு வீடு, போர்டு ஒரு வீடு. ரெண்டுக்கும் நம்பர் உண்டு."

தெருவும் கதவிலக்கமும் இசக்கித்தாய்க்குப் புதிதல்ல. இருநூற்றுப் பதினோரு இணைப்புக்கும் எண் எழுதியவர் அவர்தான். நித்யா சொன்ன படிகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். மகள் முத்துராணிக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முதல் முறை தனியாக இணைத்தபோது ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் முட்டிய பிறகு பார்த்தார்: லேப்டாப்புக்கும் போர்டுக்கும் ஒரே எண்ணை அடித்து வைத்திருந்தார். "ஒரே கதவிலக்கத்துல ரெண்டு வீடு இருந்தா போஸ்ட்மேன் எங்க போவாரு?" என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு ஒன்றை ஒன்று என்றும், மற்றதை இரண்டு என்றும் மாற்றினார். போர்டு பதில் சொன்னது.

அதன் பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை இணைத்து, பட்டியலை லேப்டாப்பில் எடுத்து வைத்தார். யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. கல்லூரி முடிந்து நித்யாவும் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஊரில் பலருக்கு அப்படியொரு பெட்டி சுவரில் இருப்பதே தெரியாது.

புரட்டாசியில் பிரச்சினை தொடங்கியது.

மேலத்தெருவில் கடைசி வீடு நமச்சிவாயம் வாத்தியாருடையது. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். எதையும் எழுதி வைக்கும் பழக்கம். தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி, கிழித்து, கம்பியில் குத்தி வைத்திருந்தார். இருபத்தொன்பது நிமிடம். இருபத்தெட்டு. முப்பது. ஒரு நாள் கூட நாற்பது இல்லை.

இசக்கித்தாய் வீடு கீழத்தெருவில். கீழத்தெருவில் நாற்பது நிமிடமும் தண்ணீர் கொட்டியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பேச யாருக்கும் கணக்கு வாத்தியார் தேவைப்படவில்லை. மேலத்தெருவில் நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆபரேட்டர் தன் தெருவுக்குத் தண்ணீரைத் திருப்புகிறார், அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட வேண்டும் என்று மனு. ஆயுத பூசை முடிந்த வாரமே கிராம சபை. மனு அதில் வரும் என்று தலைவர் பெருமாள்ராஜ் முதல் நாள் சாயங்காலம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"வேலை போனாப் போகட்டும். திருடின்னு பேரு வாங்கிட்டுப் போக மாட்டேன்" என்று இசக்கித்தாய் தளவாயிடம் போனில் சொன்னார்.

"நான் லீவு போட்டு வாரேன்."

"நீங்க எதுக்கு? நீங்களா வால்வு திறந்திய? நான் பாத்துக்கிடுதேன்."

கிராம சபை தொட்டிக்கு முன்னால் உள்ள வேப்பமரத்தடியில் கூடியது. மோட்டார் அறைக் கதவில் பூசைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் இன்னும் வாடி நின்றன. நூற்றைம்பது பேருக்குக் குறையாது. வழக்கமாக முப்பது பேர் வருவார்கள். வரவு செலவு வாசித்து முடிந்ததும் நமச்சிவாயம் எழுந்து மனுவைப் படித்தார். குரல் உயரவில்லை. தேதி, நேரம், நிமிடம். முடித்துவிட்டு, "நான் யாரையும் திருடின்னு சொல்லல. கணக்கைச் சொல்லுதேன். பதில் வேணும்" என்றார்.

இசக்கித்தாய் லேப்டாப்பைத் திறந்து எழுந்தார். "சார், எங்கிட்டயும் கணக்கு இருக்கு. மோட்டார் ரூம் போர்டு எழுதுன கணக்கு. ஒங்க தெருவுக்கு ஒரு நாளும் நாப்பதுக்குக் குறைஞ்சி திறக்கல."

"அது ஒங்க லேப்டாப்புலா மைனி!" முறைக்குக் கொழுந்தனான மேலத்தெரு சுடலைராஜ் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "வீட்டுல வச்சி நாப்பது நாப்பதுன்னு அடிச்சிக்கிட்டு வந்தா நாங்க நம்பணுமோ? எனக்குங்கூடத்தான் பத்தாவதுல நானூத்தித் தொண்ணூறு மார்க்கு. அடிச்சித் தரட்டா?"

கூட்டம் சிரித்தது. நமச்சிவாயம் கையை உயர்த்தினார். "அவன் சொல்லுத விதம் சரியில்ல. ஆனா கேள்வி சரி. ஏம்மா இசக்கித்தாய், அந்தப் போர்டுல இருந்து இப்ப, இங்கன, எல்லாரும் பாக்கும்படியா எடுக்க முடியுமா?"

"முடியும் சார்" என்றார் இசக்கித்தாய். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

மோட்டார் அறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். லேப்டாப் அதன் மேல் ஏறியது. உள்ளே நாலு பேர், வாசலில் இருபது பேர், சன்னலில் பத்துத் தலைகள். இசக்கித்தாய் பெட்டியின் மூடியைக் கழற்றினார். போர்டின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. "பாருங்க, எழுதிட்டுத்தான் இருக்கு" என்றார். அடியில் இருந்த இரண்டு வாய்களில் ஒன்றில் கரண்ட் வயர் இருந்தது. காலியாக இருந்த இன்னொன்றில் யுஎஸ்பி வயரைச் செருகினார். மறுமுனை லேப்டாப்பில்.

எப்போதும் வரும் டிங் என்ற சத்தம் வரவில்லை.

உருவி மறுபடி செருகினார். சத்தம் இல்லை. திரையில் அந்த இரண்டு வீட்டுத் தெரு இல்லை.

"என்ன மைனி, பொட்டிக்குப் பேச்சு வரலியோ? பைய கேளுங்க, கூச்சப்படுது போல!" சுடலைராஜ்.

"கூச்சமில்லலே, மாட்டிக்கிட்டோம்னு பயம்" என்றது இன்னொரு குரல்.

இசக்கித்தாய் சிக்னலுக்காக மரத்தடிக்கு வந்து நித்யாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. தலைவர் பெருமாள்ராஜ் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "முடியலன்னா சொல்லிரு. அடுத்த சபைக்குத் தள்ளி வச்சிருதேன்" என்றார்.

"அடுத்த சபை வரைக்கும் இந்தத் தெருவுல நான் எப்பிடி நடப்பேன் அண்ணாச்சி? பொறுங்க."

தண்ணீர் ஒரு வீட்டுக்கு வரவில்லை என்று புகார் வந்தால் அவர் செய்வது ஒன்றுதான். தொட்டியில் ஆரம்பிப்பார். தொட்டியில் இருக்கிறதா, வால்வில் வருகிறதா, தெரு முனையில் வருகிறதா என்று ஒவ்வொரு இடமாகத் திறந்து பார்த்துக்கொண்டே போவார். எங்கே நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. அதையே இங்கும் செய்தார். வயரைப் போர்டிலிருந்து உருவித் தன் போனில் செருகினார். லேப்டாப் டிங் என்றது. போனில் இருந்த மகளின் படங்கள் திரையில் விரிந்தன. அப்படியென்றால் வயர் நல்ல வயர், சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர் அல்ல. லேப்டாப்பின் வாயும் நல்ல வாய். போர்டு எழுதிக்கொண்டிருக்கிறது, அதற்கும் உயிர் இருக்கிறது. மிச்சம் ஒரே இடம்.

குனிந்து, போன் டார்ச்சை அடித்து, போர்டின் வாய்க்குள் பார்த்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது.

எழுந்து நின்றார். முகத்தில் முதலில் வந்தது கோபம். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"சந்தனம்" என்றார்.

"என்னது?"

"சந்தனம் சார். பூசையன்னைக்கு மோட்டாருக்கு வச்சேன், ஸ்டார்ட்டருக்கு வச்சேன், ரெஞ்சுக்கு வச்சேன். இதுவும் உழைக்குதுலா, இதுக்கும் வைப்போம்னு வச்சேன். நெத்தியில ஒண்ணு. வாசல்ல ஒண்ணு." பெட்டியின் காலி வாயைக் காட்டினார். "வீட்டு நெலைக்கு வைக்க மாரி, காலியா இருந்த வாசலுக்கு வச்சிட்டேன். உள்ள போயி காஞ்சி இறுகிட்டு. தப்பு எந்தப்பு."

இந்த முறை எழுந்த சிரிப்பில் விஷம் குறைவாக இருந்தது. மேலத்தெருப் பெண்கள் சிலரே, "நானும் மிக்சிக்கு வச்சேனே" என்று முணுமுணுத்தார்கள்.

"கத்திய எடுத்துச் சுரண்டு" என்று யாரோ சொன்னார்கள்.

"கத்தி ஆகாது. உள்ள மயிர் மாரி தகடு இருக்கு." கரண்ட் வயரை உடனே பிடுங்கவும் அவர் சம்மதிக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் எழுதியது கெட்டுவிடும். மாணவர்கள் வைத்துத் தந்த சின்னப் பொத்தானை அழுத்தி, பச்சை விளக்கு அணையும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கால் நிமிடம் இருக்கும். நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நீளம்தான். விளக்கு அணைந்த பிறகே வயரை எடுத்தார். சபைக்கு வந்திருந்த சுகாதாரச் செவிலியர் கமர் நிஷா, கேட்காமலே தன் பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் நீட்டினார். இசக்கித்தாய் ஒரு விளக்குமாற்று ஈர்க்கைப் பல்லால் கிழித்து மெல்லிசாக்கி, நுனியில் நூல் அளவு பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, உள்ளே விட்டுத் திருப்பினார். மஞ்சள் வந்தது. மறுபடி மஞ்சள். ஆறாவது ஈர்க்கு வெள்ளையாக வந்தது.

"ஊசி போட முன்னால துடைக்க மாரியே இருக்கு" என்றார் கமர் நிஷா.

"வலிக்காம போடணும் அக்கா."

ஸ்பிரிட் காயும் வரை முந்தானையால் விசிறினார். கரண்ட் கொடுத்தார். பச்சை விளக்கு வந்து, ஓடி, நிதானத்துக்கு வந்தது. வயரைச் செருகினார்.

டிங்.

திரையில் புதிய நெட்வொர்க் ஒன்று எழுந்தது. முதல் வீடு, இரண்டாம் வீடு. இசக்கித்தாய் போர்டின் எண்ணை அடித்தார். கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று கீழிறங்கின. சன்னலில் இருந்த தலைகள் இன்னும் நெருங்கின. "தள்ளுங்க வே, சார் பாக்கட்டும்" என்று சொன்னவன் சுடலைராஜ்தான்.

நமச்சிவாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாள்காட்டித் தாள்களைப் பிரித்தார்.

"புரட்டாசி மூணு" என்றார். "என்ன போட்டிருக்கு?"

"இங்கிலீஷ் தேதி சொல்லுங்க சார்."

சொன்னார். இசக்கித்தாய் வாசித்தார்: "மேலத்தெரு வால்வு. காலை ஆறு பத்துக்குத் திறப்பு. ஆறு அம்பதுக்கு மூடல். நாப்பது நிமிஷம்."

"எனக்கு இருபத்தொம்பது."

அடுத்த தேதி: நாற்பத்தொன்று. அவருக்கு முப்பது. அதற்கடுத்தது: நாற்பது. அவருக்கு இருபத்தொன்பது. கீழத்தெருவையும் வாசிக்கச் சொன்னார். நாற்பது, நாற்பது, முப்பத்தொன்பது.

"அப்ப ரெண்டுல ஒண்ணு பொய்" என்றார் பெருமாள்ராஜ்.

"இல்ல அண்ணாச்சி." இசக்கித்தாய் நமச்சிவாயத்தைப் பார்த்தார். "சார் பொய் எழுத மாட்டாவ. சார், நிமிஷத்த விடுங்க. எத்தன மணிக்குத் தண்ணி வந்துது, எத்தன மணிக்கு நின்னுது? அதச் சொல்லுங்க."

"மூணாந்தேதி... ஆறு இருபத்தொண்ணுக்கு வந்துது. ஆறு அம்பதுக்கு நின்னுது."

"நான் மூடினதும் அம்பதுதான். முடிவு ரெண்டும் ஒண்ணு. ஆரம்பத்துலதான் பதினோரு நிமிஷம் இடிக்கி."

வாத்தியார் அடுத்த தாளைப் பார்த்தார். அதற்கடுத்ததை. பதினொன்று, பதினொன்று, பத்து. எல்லாத் தாளிலும் நின்ற நேரம் பொருந்தியது. வந்த நேரம் மட்டும் தள்ளிப் போயிருந்தது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கணக்கில் பிழை தேடியவர், தன் கணக்கில் பிழை இல்லாமலே விடை வேறாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் காலத்துல நாலு நிமிஷத்துல வருமே எனக்கு" என்றார் மெதுவாக.

"அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு இன்னொண்ணு சொல்லும்." இசக்கித்தாய் கடைசிப் பத்தியைக் காட்டினார். தொட்டியின் மட்டம். நடுத்தெருவிலும் மேலத்தெருவிலும் வீடுகள் ஏறக்குறைய சமம். நிமிடமும் சமம். ஆனால் மேலத்தெரு முறையில் மட்டும் தொட்டி ஒரு சாண் கூடுதலாக இறங்கியிருந்தது. எல்லா முறையும். "தொட்டியில இருந்து ஒங்க தெருவுக்குத் தண்ணி கூடத்தான் போகுது சார். வீட்டுக்குத்தான் வரல."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

சபை நடந்தே மேலத்தெருவுக்குப் போனது. இசக்கித்தாய் முன்னால், இரும்புச் சாவியோடு. குழாய் போகும் வரிசையில் கண்ணை ஓட்டிக்கொண்டே நடந்தார். மழை இன்னும் பிடிக்கவில்லை. ஊரே காய்ந்து கிடந்தது. தெரு பாதி தாண்டியதும், சிறு பாலத்துக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். அதில் மூன்று ஆடுகள் கட்டிக் கிடந்தன.

"யாரு ஆடு இது?" என்றார் இசக்கித்தாய், தெரிந்தும்.

சுடலைராஜ் தலையைச் சொறிந்தான். "நம்ம ஆடுதான் மைனி. ஓடைத் தண்ணி ஊறுதுன்னு நெனச்சேன்."

"ஓடையில தண்ணி வந்து ஆறு மாசமாச்சே கொழுந்தனாரே. ஊரு பூரா தண்ணிக்கு மனு குடுக்கு, ஒங்க ஆடு மட்டும் முறை வச்சிக் குடிக்கு!"

நமச்சிவாயம் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மண்வெட்டி வந்தது. இரண்டடியில் சேறு, மூன்றடியில் குழாய். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதை ஒட்டி வண்டிகள் ஏறி இறங்கச் சிமெண்டுத் தளம் போட்டது ஆடி மாதம்; அந்தக் கனத்தில் வெடித்திருக்கிறது.

மரத்தடிக்குத் திரும்பியதும் வாத்தியார் எழுந்தார். மனுவில் உள்ள தன் கையெழுத்தை அடித்துவிடச் சொன்னார். பதிவேட்டில் ஏறியதை அடிக்க விதியில்லை என்றார் ஊராட்சிச் செயலர். "அப்ப கீழ எழுதும். மனு தவறான அனுமானத்தில் கொடுக்கப்பட்டது, திரும்பப் பெறுகிறோம்னு. மொத கையெழுத்து நான் போடுதேன்." மற்ற நாற்பத்தாறு பேரில் அங்கே இருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"முடிஞ்சிது. இசக்கி, ஒனக்குத் திருப்திதானே?" என்றார் பெருமாள்ராஜ்.

"இல்ல அண்ணாச்சி. இன்னொரு தீர்மானம் எழுதணும்." அவர் உட்காரவில்லை. "இனி பதினஞ்சு நாளைக்கு ஒருக்க போர்டுல இருந்து கணக்கு எடுக்கும்போது தெருவுக்கு ஒரு ஆள் கூட நிக்கணும். எடுத்தத அப்பவே நோட்டீஸ் பலகையில ஒட்டணும். நான் நல்லவள்னு யாரும் நம்ப வேண்டாம். பாத்துத் தெரிஞ்சிக்கிடட்டும்."

செயலர் எழுதினார். மேலத்தெரு சார்பில் யார் என்று கேட்டபோது நமச்சிவாயம் கையைத் தூக்கினார். அதோடு நிற்கவில்லை. "அந்த ரெண்டு வீட்டுத் தெருன்னு சொன்னியே, அது எப்பிடி நடக்குதுன்னு எனக்கும் வெளங்கணும்" என்றார்.

"வாங்க சார். நோட்டு கொண்டாங்க."

சாயங்காலம் நித்யா போனில் வந்தாள். மீட்டிங்கில் இருந்தேன் அக்கா, என்ன ஆச்சு என்று பதறினாள். இசக்கித்தாய் கதையைச் சொன்னார். சந்தனம் என்றதும் மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமானது. "எங்க டீம்ல யாருக்கும் இது தோணியிருக்காதுக்கா" என்றாள். "ஒவ்வொரு இடமா எப்படி ஒதுக்கிப் பாத்தீங்க?"

"தண்ணி வரலன்னா எப்பிடிப் பாப்பேனோ அப்பிடித்தான்."

இரண்டாம் நாள் புதுக் குழாய் பொருத்தினார்கள். இசக்கித்தாய் குழிக்குள் இறங்கி, இணைப்பைத் தானே கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மண்ணைத் தள்ளச் சொன்னார். மறுநாள் மேலத்தெரு முறை. காலை ஆறு பத்துக்கு இரும்புச் சாவியை வால்வில் மாட்டி, உடம்பின் கனத்தைக் கொடுத்துத் திருப்பினார். குழாய்க்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அவர் வால்வுக் குழியருகிலேயே நின்றார்.

ஆறு பதினாலுக்குப் போன் அடித்தது. வாத்தியார்.

"வந்துட்டும்மா. ஆறு பதினாலு."

"எழுதிக்கிடுங்க சார்" என்றார் இசக்கித்தாய். "திறந்தத இங்கயும் எழுதியாச்சி."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, சாவியைத் தோளில் சாய்த்து, நடுத்தெரு வால்வை நோக்கி நடந்தார். மேலத்தெரு வால்வை மூட இன்னும் முப்பத்தாறு நிமிடம் இருந்தது. மேலத்தெரு வழியாகவே போனார்.